தூக்கத்தில் வருவது வலிப்பா? கவனிப்பதற்கும் மருத்துவரிடம் செல்வதற்கும் ஒரு வழிகாட்டி

விடுதியில் தங்கிப் படித்துவந்த என் தம்பிக்கு வருவது வலிப்புதான் என்று உறுதியாகத் தெரிவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தலையணை உறையில் இளஞ்சிவப்பாக எச்சில் கறை இருந்ததைப் பார்த்துவிட்டு, ஈறில் ரத்தம் கசிகிறது என்று எண்ணிப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ஈறு நன்றாக இருக்கிறது என்று சொன்ன அவர், நாக்கின் வலது ஓரத்தில் பல் பதிந்து ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் காட்டி, நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படி கூறினார். பகலில் எந்தத் தொந்தரவும் இல்லாத, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையும் முதல்முறை சரியாகவே வந்த ஒருவருக்கு இரவில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் பிறகும் எளிதாக இல்லை. தூக்கத்தில் வரும் வலிப்பு, வருபவருக்கே பெரும்பாலும் தெரியாது. மருத்துவர் அதை நேரில் பார்ப்பதும் அரிது. பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்வதை வைத்துத்தான் நோயறிதல் பெருமளவு நடக்கிறது. அப்படிப் பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அலுவல், செலவு விவரங்கள் தமிழ்நாட்டு நிலவரப்படி உள்ளன. எது நோய், எது இல்லை என்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது.

1. காலையில் தென்படும் அடையாளங்களைத் தேடுங்கள்

தனி அறையில் படுப்பவருக்கும் விடுதியில் இருப்பவருக்கும் இதுதான் தொடக்கம். நாக்கின் ஓரத்தில் கடிபட்ட புண், தலையணையில் ரத்தம் கலந்த எச்சில், பல ஆண்டுகளாக இல்லாத பழக்கமாகத் திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழித்திருத்தல், முந்தைய நாள் எந்தக் கடுமையான வேலையும் செய்யாதபோதும் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற வலி, எழுந்ததும் தலைவலியோடு வெகுநேரம் நீடிக்கும் குழப்பம், கட்டிலிலிருந்து கீழே விழுந்து கிடந்தும் எப்படி விழுந்தோம் என்ற நினைவின்மை ஆகியவற்றைக் கவனியுங்கள். தோள்பட்டை விலகியிருப்பதும், முகத்திலும் கண்ணைச் சுற்றியும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றியிருப்பதும் அரிதான அடையாளங்கள் என்றாலும் முக்கியமானவை.

இவற்றில் ஒன்று மட்டும் ஒருமுறை இருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. நாக்கின் நுனியில் உள்ள கடியைவிடப் பக்கவாட்டுக் கடிக்கு மருத்துவர்கள் அதிக மதிப்பளிக்கிறார்கள். அதனால் புண் ஆறுவதற்குள் செல்பேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2. நேரில் பார்க்க நேர்ந்தால் முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள்

விளக்கைப் போட்டு, நேரத்தைப் பாருங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்தை அடைக்கும் தலையணையையும் போர்வையையும் அகற்றுங்கள். கழுத்தை இறுக்கும் துணி இருந்தால் தளர்த்துங்கள். கையையோ காலையோ அழுத்திப் பிடிக்க வேண்டாம். பல்லுக்கு நடுவில் கரண்டியோ துணியோ விரலோ வைக்கக் கூடாது. முழுமையாக நினைவு திரும்பும்வரை தண்ணீர், மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது. கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பதில் உண்மை இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். சாவி கொடுத்த வேளையும் அடங்கிய வேளையும் ஒன்றாக அமைந்துவிடுவதால்தான் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலேயே அடுத்த வலிப்பு வந்தாலோ, மூச்சு சீராகாவிட்டாலோ, அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியாகவோ நீரிழிவு உள்ளவராகவோ இருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வாழ்நாளில் முதல்முறையாக உடல் முழுவதும் வலிப்பு வந்திருந்தால், அது தானாக நின்றுவிட்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பார்ப்பது முதல் வேலைகளில் ஒன்று. நள்ளிரவில் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் வலிப்பு வரும்.

3. எதைப் பார்த்தீர்கள் என்பதைப் பிரித்தறியுங்கள்

கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளுவதுதான் வலிப்பு என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது ஒரு வகை மட்டுமே. அதில் பெரும்பாலும் முதலில் ஒரு கதறல் போன்ற ஒலி எழும், உடம்பு விறைக்கும், பிறகு சீரான வெட்டல் தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முடியும், அதன் பின் குறட்டை போன்ற கனத்த மூச்சும் எழுப்ப முடியாத தூக்கமும் வரும். வீட்டார் பல நேரங்களில் இந்தக் கடைசிக் குறட்டையை மட்டுமே கேட்டுவிட்டு, அலுப்பில் தூங்குகிறார் என்று விட்டுவிடுகிறார்கள்.

மூளையின் முன்பகுதியில் தொடங்கும் வலிப்புதான் மிகுதியாக ஏமாற்றுகிறது. தூங்கிய சிறிது நேரத்திலேயே ஆள் திடீரென்று எழுந்து உட்காருவார், மிதிவண்டி மிதிப்பதுபோலக் கால்களை உதைப்பார், இடுப்பை அசைப்பார், கத்துவார், எதையாவது பற்றிக்கொள்வார். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நின்று, அவர் உடனே தெளிவாகப் பேசக்கூடச் செய்வார். ஓரிரவில் பலமுறை வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பார்ப்பவருக்கு இது நடிப்பாகவோ, கெட்ட கனவாகவோ, காத்துக்கருப்பாகவோ தோன்றுவதால் மந்திரிப்பதிலும் தாயத்துக் கட்டுவதிலும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. என் தம்பியின் அறைத்தோழர்களும் அவன் கனவில் சண்டை போடுவதாகத்தான் நினைத்திருந்தார்கள்.

பள்ளி வயதுக் குழந்தைகளிடம் வேறொரு வகை உண்டு. தூங்கியதும் அல்லது விடியற்காலையில் வாயின் ஒரு பக்கம் துடிக்கும், எச்சில் வழியும், தொண்டையில் களகளவென்று ஒலி வரும். குழந்தை விழித்திருந்து நம்மைப் பார்த்தாலும் பேச முடியாது. இது பெரும்பாலும் பதின்ம வயது முடிவதற்குள் தானாக மறைந்துவிடும் வகை. பதின்ம வயதினரில் சிலருக்கு எழுந்த கொஞ்ச நேரத்தில் தோளும் கையும் திடுக்கென்று வெட்டும். பல் தேய்க்கும் பிரஷ் எகிறி விழும், காபி டம்ளர் கைநழுவும். முந்தைய இரவு கண்விழித்துப் படித்திருந்தால் இது அதிகமாகும். குழந்தை கவனக்குறைவாக இருக்கிறது என்று திட்டிவிட்டு மறந்துவிடும் இந்த வெட்டல்களை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏனெனில், வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபைன் போன்ற மருந்து இந்த வகையை மோசமாக்கக்கூடும்.

சில மாதக் கைக்குழந்தை தூங்கி எழும் நேரத்தில் தலையையும் உடம்பையும் முன்னோக்கித் திடீர் திடீரென்று, தொடர் தொடராக மடக்கினால், வயிற்றுவலி என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காணொளியுடன் செல்ல வேண்டிய அவசரம் அது. தாமதம் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும். மாறாக, பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைக்குத் தூக்கத்தில் மட்டும் கைகால் துள்ளி, எழுப்பியவுடன் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வலிப்பு அல்லாதவையும் நிறைய உண்டு. கண் அயரும்போது படியிலிருந்து வழுக்கியதுபோல உடம்பு ஒருமுறை தூக்கிப்போடுவது எல்லாருக்கும் நேர்வது. குழந்தை இரவின் முன்பகுதியில் அலறி எழுந்து, வியர்த்து, யார் தேற்றினாலும் தேறாமல் பத்து நிமிடம்கூட அழுது, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருந்தால் அது தூக்க அச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐம்பது வயதைக் கடந்தவர், குறிப்பாக ஆண், பின்னிரவில் குத்துவதும் உதைப்பதுமாக இருந்து, எழுப்பியதும் தெளிவாகி, யாரோ துரத்துவதாகக் கனவு கண்டேன் என்று சொன்னால், அது கனவுக்கு ஏற்ப உடல் இயங்கும் தூக்கக் கோளாறாக இருக்கலாம். அதற்கும் நரம்பியல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். விழித்திருந்தும் அசைய முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல உணர்வதை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அனுபவித்தவர் அதை முழுமையாக நினைவில் வைத்துச் சொல்வார். அது வலிப்பு அல்ல. பலத்த குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி எழுவது தூக்க மூச்சுத்தடை.

மருத்துவர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளும் இந்த வேறுபாடுகளை ஒட்டியே அமையும். தூங்கி எவ்வளவு நேரத்தில் வந்தது? எத்தனை நிமிடம் நீடித்தது? ஓரிரவில் எத்தனை முறை? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்ததா? பிறகு நினைவிருந்ததா? தூங்கி அரை மணிக்குள் வந்து, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்து, ஓரிரவில் மூன்று முறைக்கு மேல் ஒரே அச்சாக நடந்தால் வலிப்பின் பக்கம் சாய்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருந்தால் தூக்கக் கோளாறின் பக்கம் சாய்கிறது.

4. காணொளியும் குறிப்பேடும் தயார் செய்யுங்கள்

எங்களுக்கு வழி திறந்தது அறைத்தோழர் ஒருவர் எடுத்த காணொளியால்தான். பழைய செல்பேசி ஒன்றை மின்னேற்றியில் இணைத்து, கட்டில் முழுவதும் தெரியும்படி அலமாரியில் சாய்த்து வைத்து, ஜீரோ வாட்ஸ் விளக்கை எரியவிட்டாலே ஓரளவு தெரியும். தொடர்ந்து பல இரவுகள் பதிய வேண்டும் என்றால், இருட்டிலும் படம் பிடிக்கும் வீட்டுக் கேமரா சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதற்கான நினைவக அட்டையையும் வாங்கிவிடுங்கள்.

நீங்களே கையில் பிடித்து எடுப்பதானால், ஆளின் பாதுகாப்பை உறுதி செய்த பிறகு போர்வையை விலக்கி, முகமும் நான்கு கைகால்களும் ஒரே காட்சியில் தெரியுமாறு எடுங்கள். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்பது தெரியாமல் போகும். பெயரைச் சொல்லி அழையுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், "மாம்பழம்" என்பது போல ஒரு சொல்லைச் சொல்லி, பிறகு அது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். வெட்டல் நின்றதும் பதிவை நிறுத்திவிடாமல் அவர் தெளிவடையும்வரை தொடருங்கள். ஒரு பக்கக் கை வலுவிழந்திருப்பதும், பேச்சு திரும்பத் தாமதமாவதும் அப்போதுதான் தெரியும். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அவை முக்கியத் துப்பு.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளியின் தரம் குறைந்துவிடும். மூலக் கோப்பைச் செல்பேசியிலேயே வைத்திருங்கள். அனுப்ப வேண்டியிருந்தால் ஆவணமாக அனுப்புங்கள். நோயாளியின் ஒப்புதலோடு எடுத்து, மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள். உறவினர் குழுவில் பகிரப்பட்ட ஒரு காணொளி அந்தப் பிள்ளையின் படிப்பையும் திருமணப் பேச்சையும் எத்தனை காலம் துரத்தும் என்பது நமக்கெல்லாம் தெரியும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி போதும். "இரவு 11.30 தூக்கம், 11.55 கத்தல், தலை இடப்பக்கம் திரும்பியது, வலது கை விறைத்தது, 40 விநாடி, உடனே பேசினான், முந்தைய இரவு தேர்வுக்காக விழிப்பு" என்ற அளவில் எழுதுங்கள். காய்ச்சல், மது, இரவுப்பணி, தவறவிட்ட மாத்திரை, மாதவிடாய் நாள்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. எங்கே, எந்த ஆவணங்களுடன் செல்வது

வலிப்புக்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தை என்றால் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சிக்கலான நிலையில் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றுக்கு அனுப்புகிறார்கள். நரம்பியல் புறநோயாளர் பிரிவு எல்லா நாளும் இயங்காத இடங்கள் உண்டு என்பதால், கிளம்புமுன் அரசு மருத்துவ உதவி எண்ணான 104-ஐயோ மருத்துவமனையையோ அழைத்து நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் காலையில் ஓ.பி. சீட்டு வழங்கத் தொடங்கும்போதே போய்விடுவது நல்லது.

ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள், குறிப்பேட்டை ஒரே பக்கத்தில் சுருக்கிய தாள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். மருத்துவருக்கு உங்களிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால் அந்த ஒரு பக்கத் தாளுக்கு மதிப்பு அதிகம். நேரில் பார்த்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தில் அவர் தொலைபேசியில் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்பின்போது மூச்சுத்திணறல், குழந்தைப் பருவக் காய்ச்சல் வலிப்பு, தலைக்காயம், குடும்பத்தில் வலிப்பு ஆகியவை பற்றித் தாயிடம் முன்பே கேட்டுக் குறித்து வையுங்கள். பெண்பிள்ளை என்பதால் குடும்ப வரலாற்றை மறைக்கும் வீடுகள் உண்டு; அதனால் சரியான மருந்து தாமதமாகிறது.

6. பரிசோதனைகள்: தயாரிப்பும் செலவும்

இ.இ.ஜி. என்பது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது. மின்சாரம் எதுவும் உள்ளே செலுத்தப்படுவதில்லை. முந்தைய நாள் ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் செல்ல வேண்டும். எண்ணெய்த் தலையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள், மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தூக்கத்தில் வரும் வலிப்பு என்று சந்தேகம் இருந்தால், தூக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் இ.இ.ஜி. வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அதற்கு முந்தைய இரவு பெரும்பகுதி விழித்திருக்கச் சொல்வார்கள். காலையில் காபி, தேநீர் கூடாது. நோயாளி தானே வண்டி ஓட்டிச் செல்லவே கூடாது. பேருந்திலோ காத்திருக்கும் இடத்திலோ அவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உடன் செல்பவரின் வேலை. இல்லாவிட்டால் இரவெல்லாம் விழித்தது வீணாகிவிடும்.

எம்.ஆர்.ஐ.யை வலிப்புக்கென உள்ள முறையில் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதித்தந்தால், ஸ்கேன் மையத்தில் பதியும்போதே அதைக் காட்டுங்கள். சாதாரண மூளை ஸ்கேனில் சிறிய கோளாறுகள் தவறிப்போகலாம். சாய மருந்து செலுத்துவதானால் சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த அறிக்கை கேட்பார்கள். அதை முன்பே எடுத்துவிட்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். சர்க்கரை, சோடியம், கால்சியம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், இதயத் துடிப்புக் கோளாற்றை விலக்க ஒரு இ.சி.ஜி.யும் பொதுவாகச் சேரும்.

தனியார் மையங்களில் சாதாரண இ.இ.ஜி.க்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரையும், மூளை எம்.ஆர்.ஐ.க்கு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரையும் ஊருக்கு ஊர் மாறுபடும். அரசு மருத்துவமனையில் இந்தச் செலவு மிகவும் குறையும், ஆனால் எம்.ஆர்.ஐ.க்குத் தேதி கிடைக்கக் காத்திருக்க நேரும். மருத்துவமனையில் சேர்ந்து பகலும் இரவும் காணொளியோடு பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி.க்கு நாள் கணக்கில் கட்டணம். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்: பரிசோதனைக்காக மட்டும் சேர்வதைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே சேர்வதற்கு முன்பே எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எந்தப் பரிசோதனைக்கு அது பொருந்தும் என்பதை மருத்துவமனையிலுள்ள திட்டப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

7. முடிவுகளைப் படிக்கும்போது

இ.இ.ஜி. சரியாக இருப்பதால் வலிப்பு இல்லை என்றாகிவிடாது. வலிப்பு நோய் உள்ளவர்களிலும் முதல் பதிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே மாற்றம் தெரிகிறது. முன்பகுதி வலிப்பில், வலிப்பு நடக்கும் நேரத்தில்கூட அலைகள் சரியாகத் தோன்றலாம். அதேபோல இ.இ.ஜி.யில் ஏதோ மாற்றம் இருப்பதால் மட்டும் மாத்திரை தொடங்கிவிட வேண்டும் என்பதுமில்லை. "அறிக்கை நார்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஆய்வகத்திலேயே சொல்லிவிட்டால் மகிழ்ந்து வீட்டுக்குத் திரும்பிவிடாமல், காணொளியோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

ஒருமுறை வந்தாலே வலிப்பு நோய் என்று முத்திரை குத்துவதில்லை. தூண்டுதல் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்புகள் வர வேண்டும். அல்லது ஒரே வலிப்பு வந்திருந்தாலும் மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஸ்கேனோ இ.இ.ஜி.யோ காட்ட வேண்டும். ஸ்கேனில் சிறு கட்டி என்றதும் புற்று என்று நடுங்க வேண்டாம். நம் நாட்டில் நாடாப்புழு முட்டை மூளைக்குச் சென்று உருவாகும் நீர்க்கட்டியும், காசநோய்க் கட்டியும் வலிப்புக்குப் பரவலான காரணங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. அசுத்தமான நீராலும் கழுவாத காய்கறியாலும் அந்த முட்டை உள்ளே போகும் என்பதால் சைவ உணவுக்காரர்களுக்கும் வரும்.

8. சிகிச்சை தொடங்கிய பின் இரவுகளுக்கான ஏற்பாடு

மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கானதை வாங்கிவிடுங்கள். திடீரென்று நிறுத்துவதுதான் கட்டுப்பட்டிருந்த வலிப்பு கடுமையாகத் திரும்புவதற்குப் பெரிய காரணம். புதிய மாத்திரை தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எழுதப்பட்டிருந்தால், கரு தரிப்பதற்கு முன்பே மாற்று பற்றிப் பேச வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பலரும் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டுப்படாத வலிப்பு உள்ளவர் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோவது அரிதாக நடக்கிறது. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவர் என்ற அளவில் அது கணக்கிடப்பட்டுள்ளது. உடல் முழுவதும் வரும் இரவு வலிப்பு உள்ளவருக்கே அபாயம் அதிகம். பெரும்பாலும் அவர்கள் குப்புறப் படுத்த நிலையில் காணப்பட்டிருக்கிறார்கள். மாத்திரையைத் தவறாமல் எடுத்து வலிப்பை முழுமையாகக் கட்டுப்படுத்துவதும், அதே அறையில் ஒருவர் படுப்பதும் இந்த அபாயத்தைக் குறைக்கும்.

தாழ்வான கட்டில் அல்லது தரையில் பாய், மெத்தை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். விடுதியில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தளத்தைக் கேட்டு வாங்குங்கள். கோடையில் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் படுக்க வேண்டாம். கொசுவர்த்தியையும் விளக்கையும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் இருக்கப் பழக்குங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை இருசக்கர வாகனமும் கிணற்றுக் குளியலும் வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்பு பற்றிய கேள்வி இருக்கிறது, அதற்கு உண்மையான பதிலைத்தான் எழுத வேண்டும்.

வெளியூரில் தங்கியிருப்பவருக்கு அரைப்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, அவருடைய சம்மதத்தோடு விடுதிக் காப்பாளரிடமும் அறைத்தோழரிடமும் கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108, மருத்துவரின் பெயர், மாத்திரையின் பெயரும் அளவும், வீட்டாரின் இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் பீய்ச்சும் மிடாசோலம் மருந்தை மருத்துவர் தந்திருந்தால், அதை எப்போது, எத்தனை முறை பயன்படுத்துவது என்று அவரையே எழுதித்தரச் சொல்லி, அந்தச் சீட்டின் நகலையும் குறிப்புடன் இணைத்து, மருந்து காலாவதியாகும் தேதியை மேலேயே எழுதி வையுங்கள்.